இரண்டு பாதிகளுக்கு நடுவே ஒரு தாள்

ஓய்வு பெற்றவனுக்குப் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு வகை மின்னஞ்சல்கள்தான் வரும். ஒன்று, அந்தக் கோப்பு எங்கே என்று கேட்கும். மற்றது, அந்தக் கோப்பைத் தூக்கி எறியலாமா என்று கேட்கும். போன வாரம் வந்தது இரண்டாவது வகை. அனுப்பியவர் அனிதா. நான் இருந்த தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இப்போது இருக்கும் எஞ்சினியர். நான் அவரைப் பார்த்ததில்லை.

“சார், டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் புரொசீஜரின் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘இரு பாதிகளுக்கு நடுவே வரும் தாள் குப்பையல்ல.’ இந்த மாதிரி ஒரு வரி வேறு எந்தப் புரொசீஜரிலும் இல்லை. ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் ஒரு கையெழுத்துக்குப் பதில் இரண்டு இருக்கிறது. போட்ட இருவருமே இப்போது இங்கே இல்லை. இனிமேல் தாள் தேவைப்படாத கோர்களே வரப்போவதால் இந்த வரியை எடுக்க நினைக்கிறோம். எடுப்பதற்கு முன், இது எப்படி வந்தது என்று நீங்கள் சொன்னால் நன்றாக இருக்கும். மாற்றப் படிவத்தை இணைத்திருக்கிறேன்.”

நான் எழுதிய விதிகளை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். அதில் யாராவது காரணம் கேட்ட வரி இது ஒன்றுதான். படிவம்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இணைப்பைத் திறக்காமல், பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதில் எழுதியதைத்தான் மற்றவர்களுக்கும் புரியும்படி இங்கே சொல்கிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் குமாஸ்தா. அப்பா மாநில அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டெண்ட். நான் பெங்களூர் தொம்மலூரில் பிறந்து, எஞ்சினியரிங் படித்து, ஒரு பெரிய அரசுத் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இரண்டு வருடப் பயிற்சியில் கற்றது ஒரே பாடம்: எழுதப்படாதது நடக்கவில்லை. எழுதப்பட்டது நடந்ததா என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அந்தக் கல்வியோடு பல வருடம் கழித்து ஒரு தனியார் கம்பெனிக்கு வந்தேன். மருத்துவமனையில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் மானிட்டர்களைச் செய்கிற சிறிய கம்பெனி. டிசைன் தொம்மலூரில், தயாரிப்பு ஊருக்கு வெளியே சந்தாபுராவில். தரக்கட்டுப்பாட்டுக்கு நான். எனக்கு மேலே ஸ்டெல்லா மேடம்.

ஸ்டெல்லா என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கோலார் தங்கவயலில் பிறந்தவர், ரிச்சர்ட்ஸ் டவுனில் திருமணமாகி வந்தவர். டிசைன், தரம் இரண்டுக்கும் அவர்தான் தலைவர். இந்த ஏற்பாடு தவறு என்று நான் சேர்ந்த முதல் வாரமே மூன்று பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். டிசைன் செய்பவரே தரத்துக்கும் தலைவராக இருந்தால், தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துவது போல என்று. அவர் நின்றுகொண்டே மூன்று பக்கத்தையும் படித்தார்.

“நீங்க சொல்றது கரெக்ட் சார். அதனாலதான் நீங்க வந்திருக்கீங்க. என் பேப்பர நல்லா திருத்துங்க. தப்பு இருந்தா செவப்புல சுழிங்க, நான் கோச்சிக்க மாட்டேன்.”

இப்படிச் சொன்ன அதிகாரிகள் எனக்கு முன்பும் உண்டு. சுழித்த பிறகு கோபித்துக்கொள்ளாதவர் இவர் ஒருவர்தான்.

அவருக்கு ஒரு பழக்கம். யார் எந்தப் பழுதைக் கொண்டு போனாலும் முதலில் “இருங்க” என்பார். பொருளைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பேசாமல் பார்ப்பார். அப்புறம் எப்போதும் ஒரே கேள்வி: “எங்கருந்து வருது, எங்க போகுது?” ஒரு தடவை, கருகிப்போன ரெசிஸ்டர் ஒன்றைக் கொண்டுபோய், ‘காரணம்: ரெசிஸ்டர் பழுது’ என்று நான் எழுதியிருந்ததைக் காட்டினேன்.

“செத்தவர் சாவுக்குக் காரணம், அவர் செத்துப்போனதுன்னு எழுதியிருக்கீங்க சார். சூடு எங்கருந்து வந்துச்சு? எங்க போயிருக்கணும்?”

இந்தக் கேள்வி அவருடைய அப்பாவுடையது என்று ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது சொன்னார். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். “உள்ள காத்து எங்கருந்து வருது, எங்க போகுதுன்னு தெரியாம எங்கப்பா ஒரு அடி எடுத்து வெக்க மாட்டாராம். தெரியாம வெச்சவங்க அப்புறம் எதுவும் கேக்கறதுக்கு வரலன்னு சொல்வாரு.” பென்சிலை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். எந்தக் கணக்கையும் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் போட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவார்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன்.

கொரோனா அடங்கியதும் உலகம் முழுவதும் சிப்புகளுக்குப் பஞ்சம் வந்தது. எங்கள் மானிட்டரில் நோயாளியின் உடம்பைத் தொடும் புரோபுக்கு மின்சாரம் கொடுக்க ஒரு தனிப் பகுதி உண்டு. சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து நோயாளியின் தோல்வரை ஒரே கம்பியாகப் போனால், பழுது வந்தால் உயிருக்கு ஆபத்து. அதனால் நடுவே கம்பியை வெட்டி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மின்சாரத்தைத் தாண்ட வைப்போம். அந்தத் தாண்டலை நடத்தும் ஃப்ளைபேக் சிப்பும், வெளிநாட்டிலிருந்து தயாராக வரும் அதன் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே மாதத்தில் நின்றுபோயின. கேட்டால், ஒரு வருடம் காத்திருங்கள் என்றார்கள்.

ஸ்டோரில் எங்களிடம் சுருள் சுருளாக இருந்தது வேறொரு சிப். வேறொரு கருவிக்காக வாங்கிய புஷ்-புல் டிரைவர். அதற்கான டிரான்ஸ்ஃபார்மர்களைச் சந்தாபுராவில் நாங்களே சுற்றுவோம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பொறியியல் படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். புஷ்-புல் என்பது இருவர் சேர்ந்து மரம் அறுக்கும் ரம்பம் மாதிரி. சிப்புக்குள் இரண்டு சுவிட்சுகள் மாறி மாறி இழுக்கும். இந்தப் பக்கம் இழுக்கும்போதே அந்தப் பக்கம் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் எதுவும் தங்காது. ஃப்ளைபேக் வேறு ரகம். அது வாளியில் பிடித்து ஊற்றுகிற வேலை. சுவிட்சைப் போட்டால் வாளி நிரம்பும், அணைத்தால் வாளி அந்தப் பக்கம் கவிழும். புஷ்-புல்லில் பேட்டரி இறங்க இறங்க அந்தப் பக்கமும் இறங்கிவிடும். ஃப்ளைபேக்கில் அப்படியில்லை, தேவைப்பட்டால் இன்னும் இரண்டு வாளி ஊற்றிக்கொள்ளலாம். கரண்ட் போய் மானிட்டர் பேட்டரியில் ஓடும்போதும் புரோபுக்கு நிலையான மின்னழுத்தம் வேண்டும் என்பதால்தான் எங்களுக்கு ஃப்ளைபேக்.

ஸ்டெல்லா புஷ்-புல் சிப்பை வைத்தே ஃப்ளைபேக் செய்யலாம் என்றார். மீட்டிங்கில் முதலாளி இருந்தார். அவரும் எஞ்சினியர்தான், அதுதான் தொந்தரவு.

“ஆகல்ல மேடம். ஆ சிப் இதக்கல்ல. டேட்டாஷீட்டல்லி எல்லூ ஹேளில்ல.” இது முடியாது, அந்தச் சிப் இதற்கானதல்ல, தயாரித்தவர்களே எங்கேயும் சொல்லவில்லை என்று கன்னடத்தில் சொன்னார். எங்கள் தமிழ் அவருக்கும் அவருடைய கன்னடம் எங்களுக்கும் நன்றாகப் புரியும். எங்களுக்குள் புரியாமல் போனதெல்லாம் எஞ்சினியரிங்தான்.

“செய்யக் கூடாதுன்னும் சொல்லல சார்,” என்றார் ஸ்டெல்லா. “ரெண்டு சுவிட்சுல ஒண்ண மட்டும் எடுத்துக்கறேன். இன்னொண்ணு சும்மா இருக்கட்டும். சும்மா இருக்கறதுக்கு அது ஒண்ணும் வருத்தப்படாது, நம்ம ஆபீஸ்ல எத்தன பேர் இருக்கோம்.”

முதலாளி சிரிக்கவில்லை. “ஈ ஆர்டர் ஹோதரெ, சந்தாபுரா யூனிட்டிகெ பீக,” என்றார். இந்த ஆர்டர் போனால் சந்தாபுரா யூனிட்டுக்குப் பூட்டு. அங்கே கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் பதினோரு பெண்கள் வேலை செய்தார்கள். ஸ்டெல்லா பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, “ஆறு வாரம் குடுங்க சார்,” என்றார்.

அந்த ஆறு வாரத்தில் அவர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். என் உத்தியோகத்தில் கண்ட நல்ல நாட்களை எண்ணச் சொன்னால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

முதலில் அந்தச் சிப்பால் எவ்வளவு மின்னோட்டம் தாங்க முடியும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார். எத்தனை சுற்று, என்ன கனக் கம்பி, எந்தப் பக்கம் சுற்றின் தொடக்கம். சுவிட்ச் அணையும் கணத்தில் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு கூர்மையான குத்தல் கிளம்பும். அது சிப்பைக் கிழித்துவிடாமல் இருக்க, அதற்கென்று ஒரு சின்ன வடிகால் வைத்தார். அந்தப் பக்கம் மின்னழுத்தம் போதுமான அளவுக்கு ஏறியதும், ஒளி வழியாக இந்தப் பக்கத்துக்குச் செய்தி வந்து, சிப்புக்கு ‘ஓடு, நில்’ என்று சொல்லும் பின்னை, அதாவது அதன் ஒரு காலை, பிடித்து நிறுத்தும். இறங்கியதும் விட்டுவிடும். சிப்பைச் செய்தவர்கள் அந்தக் காலைத் தூங்க வைக்கத்தான் கொடுத்திருந்தார்கள். இவர் அதைக் கடிவாளமாக்கினார்.

கடைசியாக வாளி. எங்களிடம் இருந்தவை புஷ்-புல்லுக்கான கோர்கள். ஃபெரைட் என்ற காந்தப் பொருளில் செய்த இரண்டு பாதிகள், கம்பிச் சுற்றுக்குள் நுழைந்து ஒன்றோடொன்று முகம் பொருந்தி உட்காரும். அவற்றில் எதுவும் தங்காது, தங்கக் கூடாது என்றே செய்தவை. அதாவது குழிவே இல்லாத வாளி. அதில் ஊற்றினால் உடனே நிரம்பி வழியும். கோர் நிரம்பிவிட்டால் சுற்று வெறும் செம்புக் கம்பியாகிவிடும், மின்னோட்டம் தடையில்லாமல் சிப்புக்குள் பாயும். குழிவு வேண்டுமானால் இரண்டு பாதிகளையும் தலைமுடி கனத்துக்குப் பிரித்து வைக்க வேண்டும். ஃப்ளைபேக்கில் சக்தி தங்குவது அந்த மெல்லிய இடைவெளியில்தான்.

ஸ்டெல்லா மஞ்சள் நிற இன்சுலேஷன் பேப்பரைக் கத்தரித்து நடுவே வைத்தார். ஒன்று வைத்து அளந்தார், இரண்டு வைத்து அளந்தார். “பேப்பர் ரெண்டு ஓரத்துக்கும் நடுவுக்கும் அடியில போகுது சார், அதனால இடைவெளி ரெட்டிப்பாக் கணக்காகும். பாதிக் கனம் போதும்,” என்று எனக்கு விளக்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கனம் முடிவாகிவிட்டது. அந்தக் கனத் தாளை விரல்நகம் அளவுக்கு நறுக்கி, ஐந்து போர்டுகளைத் தானே செய்தார்.

அந்த ஐந்தையும் நான் பத்து நாள் வதைத்தேன். சூட்டில் வைத்தேன், குளிரில் வைத்தேன், பேட்டரியை இறக்கி ஏற்றினேன், புரோபைப் பிடுங்கிச் செருகினேன். ஐந்தும் அசையவில்லை. சிவப்புப் பேனாவுக்கு வேலை இல்லாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது எனக்கே கூச்சமாக இருந்தது.

அடுத்தது மாற்றப் படிவம். புதிய டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தாபுரா சுற்ற வேண்டும். ஸ்டெல்லாவின் வரைபடத்தில் இடைவெளியின் அளவு குறிப்பாக இருந்தது. படிவத்தின் நாலாம் பக்கத்தில் என் பங்கு: ‘தற்போதைய வைண்டிங் புரொசீஜர் பொருந்துமா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அந்தப் புரொசீஜரை எழுதியவன் நான். எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருப்பதைத் திறந்து பார்ப்பானேன்? ‘ஆம்’ கட்டத்தில் டிக் போட்டேன். ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கான சாமான்கள் போகும் ஒவ்வொரு கிட் பையிலும் நறுக்கிய தாள் ஒன்று போக வேண்டும் என்று ஸ்டோருக்கும் எழுதினேன். எழுதப்பட்டது, ஆகவே நடக்கும்.

முதல் இருபது போர்டுகள் சந்தாபுராவில் தயாராகி, முதல் சோதனையில் தேறின. அந்தச் சோதனையில் புரோப் மாட்டுவதில்லை. அடுத்து புரோபை மாட்டி, கடிகார வேகத்தில் அணைத்துப் போடும் நீண்ட சோதனை. முதல் நாளே நான்கு போர்டுகளில் சிப் கருகியது. மறுநாள் மேலும் மூன்று.

முதலாளி தொம்மலூருக்கே வந்துவிட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. “நானு ஹேளிதே,” நான் சொன்னேனே என்று மட்டும் சொன்னார். சிப் இதற்கானதல்ல, டிசைனே தவறு. திங்கட்கிழமைவரை பார்ப்பார். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் ஆர்டரை விட்டுவிட்டு சந்தாபுராவை மூடுவது பற்றிப் பேச வேண்டியிருக்கும். அன்று வெள்ளிக்கிழமை.

அவர் போனதும் ஸ்டெல்லா கருகாத ஒரு போர்டைக் கையில் எடுத்தார். “இருங்க.”

ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் தன் பழைய ஐந்தில் ஒன்றையும் இதையும் அடுத்தடுத்து வைத்து, மின்னோட்டத்தை ஆசிலோஸ்கோப் திரையில் போட்டார். அவருடையது சாய்வாக நேராக ஏறி, நேராக இறங்கியது. சந்தாபுரா போர்டில் சுவிட்சைப் போட்ட முதல் கணங்களில் படிப்படியாக ஏறிக்கொண்டே போய், நுனியில் கொம்பு மாதிரி மேலே குத்தியது.

“கொம்பு மொளச்சிருக்கு பாருங்க. வாளி சீக்கிரமே ரொம்பி வழியுது.”

டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, இடைவெளி இருந்தால் குறைவாகக் காட்ட வேண்டிய தூண்டல் அளவை மீட்டரில் அளந்தார். வர வேண்டியதைப் போலப் பல மடங்கு காட்டியது.

“உள்ள தாள் இல்ல சார்.”

“இல்லன்னு சொல்ல முடியாதே மேடம். ஒவ்வொரு கிட்டுக்கும் ஒரு தாள் ஸ்டோர்லருந்து போயிருக்கு. கையெழுத்து இருக்கு. அதோட, சந்தாபுராவுலயும் இதே மீட்டர்ல அளந்துதான் ஓகே போடறாங்க.”

“அளந்து என்னா பாக்கறாங்க?”

நான் விதியைச் சொன்னேன், சொல்லும்போதே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. புஷ்-புல் டிரான்ஸ்ஃபார்மருக்கு நான் எழுதிய விதி: ‘இந்த அளவுக்குக் குறையக் கூடாது.’ அதிகமாக இருந்தால் அது நல்ல டிரான்ஸ்ஃபார்மர். இந்த இருபதும் மிக மிக நல்ல டிரான்ஸ்ஃபார்மர்களாகத் தேறியிருந்தன.

ஸ்டெல்லா டிரான்ஸ்ஃபார்மரை மேசையில் வைத்தார். “சரி, தாள் ஸ்டோர விட்டுப் போகுது. கோருக்குள்ள வரல. நடுவுல எங்க போகுது?”

சனிக்கிழமை காலை இருவரும் சந்தாபுராவுக்குப் போனோம். ஓசூர் ரோட்டில் சில்க் போர்டு தாண்டும்வரை அவர் தாளில் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான் மனத்துக்குள் காரணப் பட்டியல் போட்டுக்கொண்டே வந்தேன். ஸ்டோர், பேக்கிங், லாரி. அந்தப் பட்டியலில் தரக்கட்டுப்பாடு என்ற சொல் இல்லை.

வைண்டிங்கில் மூத்தவர் மெஹருன்னிசா. வேலையில் அவர் விரலுக்கு நிகர் கிடையாது. கம்பி அறுந்தால் சத்தத்திலேயே எத்தனையாவது சுற்று என்று சொல்லிவிடுவார். எங்களைப் பார்த்ததும், “ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீங்க, யாருக்குக் கல்யாணம்?” என்றார். அவர் முகத்தில் கவலையும் இருந்தது. பூட்டு என்ற சொல் அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது.

ஸ்டெல்லா ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “அக்கா, ஒண்ணு சுத்துங்க. நாங்க பேச மாட்டோம்.”

அவர் சுற்றினார். சுற்றி முடித்து, டேப் ஒட்டி, கோர் பாதிகளை எடுத்தார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இரண்டு முகங்களையும் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி துடைத்தார். கிட் பையிலிருந்து மஞ்சள் தாள் விழுந்தது. அதை இடது கையால் எடுத்து, பார்க்காமலே மேசைக்கு அடியில் இருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டார். பாதிகளைச் சேர்த்து அழுத்தி, கிளிப் மாட்டி, மீட்டரில் வைத்தார். முள் ஏறியது. திருப்தியாக எங்களைப் பார்த்தார்.

ஸ்டெல்லா குனிந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே விரல்நகம் அளவுக்கு நறுக்கிய மஞ்சள் தாள்கள். சுத்தமாக, ஒன்றின்மேல் ஒன்றாக.

“இது ஏங்க்கா டப்பாவுல போடறீங்க?”

“குப்பதானே? புதுப் பையில எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு வருது. பேக்கிங் பேப்பர்னு நெனச்சேன். கோருக்குள்ள ஒரு தூசி நக்கோன்னு எழுதி வெச்சிருக்கே.” நக்கோ என்றால் அவர் பேச்சில் கூடாது, வேண்டாம். சுவரைக் காட்டினார். “சார்தானே ஒட்டினாரு.”

சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் என் புரொசீஜர். தமிழ், கன்னடம், ஆங்கிலம், மூன்று மொழியிலும். ‘கோரின் இரு முகங்களுக்கும் இடையே தூசி, தாள், பிசின் உள்ளிட்ட எந்த அந்நியப் பொருளும் இருக்கக் கூடாது.’ தாள் என்ற சொல்லைச் சேர்த்தது நானே. முன்பு ஒரு முறை லேபிள் துண்டு ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டதற்காக. கீழே என் கையெழுத்து, மூன்று தடவை.

“என்னா சார், எதுனா தப்பா?” என்றார் மெஹருன்னிசா.

ஸ்டெல்லா சொன்னார். “தப்பு இல்லக்கா. நீங்க சொன்னபடி செஞ்சிருக்கீங்க. நாங்கதான் வேற மாதிரி சொல்லணும்.” அப்புறம் தாளையும் கோரையும் கையில் எடுத்து, வாளி, குழிவு, தண்ணீர் என்று பத்து நிமிடம் விளக்கினார். மெஹருன்னிசா கேட்டுவிட்டு, “இத முன்னயே சொல்லியிருந்தா நான் ஏன் தூக்கிப் போடறேன்?” என்றார். டப்பாவிலிருந்து ஒரு தாளை எடுத்து ஊதி, பாதிகளுக்கு நடுவே வைத்துச் சேர்த்தார். வேண்டிய இடத்தில் முள் நின்றது.

அன்றும் மறுநாளும் பதினோரு பேரும் வந்து சுற்றினார்கள். புதிய டிரான்ஸ்ஃபார்மர் போட்ட போர்டுகள் திங்கட்கிழமை காலைவரை அணைந்து அணைந்து எரிந்தன. ஒரு சிப்கூடச் சுடவில்லை. அந்தச் சிப் இதற்கானதல்ல என்பது உண்மைதான். ஆனால் அதை இதற்கானதாக ஸ்டெல்லா ஆக்கியிருந்தார்.

முதலாளிக்கு நிம்மதி. அவர் ஆர்டரை விடவில்லை, சந்தாபுராவைப் பற்றியும் அப்புறம் பேசவில்லை. ஆனால் வாடிக்கையாளருக்கு ஏழு கருகிய போர்டுகளின் காரணம் எழுத வேண்டும். என் படிவத்தில் காரணத்துக்கு நான்கு கட்டங்கள் தயாராக உண்டு: ஆள், பொருள், இயந்திரம், முறை. முதலாளி முதல் கட்டத்தைக் காட்டினார்.

“ஆபரேட்டர் மிஸ்டேக் அந்த பர்துபிடி. முகீத்து.” ஆபரேட்டர் தவறு என்று எழுதிவிடுங்கள், முடிந்தது.

அது வழக்கம்தான். அந்தக் கட்டத்தில் நானே எத்தனையோ டிக் போட்டிருக்கிறேன். ஆனால் அதன் கீழே இன்னொரு வரி உண்டு: ‘தொடர்புடைய பணியாளரின் பெயர், எடுத்த நடவடிக்கை.’ அதில் மெஹருன்னிசா பெயரை எழுதினால், நடவடிக்கை என்று ஏதாவது எழுதியாக வேண்டும். இதுவும் நான் எழுதிய விதி.

நான் ‘முறை’யில் டிக் போட்டு, ‘வைண்டிங் புரொசீஜரைத் திறந்து பார்க்காமல் பொருந்தும் என்று ஒப்புதல் அளித்தது. பொறுப்பு: தரக்கட்டுப்பாடு’ என்று என் பெயரை எழுதி, ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது.

அவர் நின்றுகொண்டே படித்தார். பென்சிலை எடுத்து என் பெயரை அடித்தார்.

“இது சரியில்ல சார். உங்க புரொசீஜர் புஷ்-புல்லுக்கு எழுதினது. அதுக்கு அது நூத்துக்கு நூறு கரெக்ட். வேலைய மாத்தினது நான். மாத்தினவ போயி சொல்லியிருக்கணும். வரைபடத்துல ஒரு ஓரத்துல அளவு எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.”

“டிக் போட்டது நான் மேடம்.”

“டிக் போடற மாதிரி பேப்பர நீட்டினது நான்.”

“உங்க பரீட்சைத் தாளத் திருத்தறதுக்குத்தான் என்ன வெச்சிருக்கீங்க. நான் திருத்தாம மார்க் போட்டேன்.”

“அப்போ ரெண்டு பேரும் ஃபெயில். கையெழுத்துப் போடுங்க.”

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தவறைத் தள்ளிவிடச் சண்டை போடுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். இது என்ன வகை என்று அவருக்குப் புரியவில்லை. “ஏனாதரூ மாட்கொள்ளி,” எதையாவது செய்துகொள்ளுங்கள் என்று எழுந்து போனார். அன்றைக்குத் திருத்திய புரொசீஜரில்தான் அந்த வரி வந்தது, இரண்டு கையெழுத்தும் வந்தன. சொற்கள் மெஹருன்னிசாவுடையவை. ‘இடைவெளித் தாள் கட்டாயம் பொருத்தப்பட வேண்டும்’ என்று நான் எழுதியிருந்தேன். ஸ்டெல்லா அவரிடம் படித்துக் காட்டியபோது, “அது குப்ப இல்லன்னு எழுதுங்க, புரியும்,” என்றார்.

ஸ்டெல்லா செய்தது இன்னொன்றும் உண்டு, அனிதா. அதைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பதிலில் எழுதினேன். மாற்றப் படிவத்தின் நாலாம் பக்கத்தில் என் ‘ஆம், இல்லை’ கட்டங்களை அவர் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் வந்தது: ‘இதைக் கையால் செய்பவரிடம் காரணம் சொல்லியாயிற்றா? அவர் பெயர், அவர் சொன்னது.’ அலுவலகப் படிவத்தில் ‘அவர் சொன்னது’ என்று ஒரு இடமா என்று நான் அப்போது முணுமுணுத்தேன். நாற்பது வருடப் படிவங்களில் அதைவிட நல்ல கேள்வியை நான் பார்த்ததில்லை. ஸ்டெல்லாவுக்குப் பிறகு வருகிறவர்கள் முதலில் எடுத்து எறியப் போவது அந்தக் கட்டத்தைத்தான் என்று எப்போதும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே பதிலின் கடைசிப் பத்தியைக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதினேன். வரியை எடுக்க என் அனுமதி தேவையில்லை, சந்தாபுராவுக்குப் போய் மெஹருன்னிசாவைக் கேளுங்கள், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு எனக்கு மின்னஞ்சல் அனுப்புவது முறையல்ல என்று. அனுப்புவதற்கு முன் மேற்கோள் காட்டப் படிவ எண் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இணைப்பைத் திறந்தேன்.

நாலாம் பக்கத்தில் அந்தக் கட்டம் இருந்தது. அனிதாவின் கையெழுத்தில் நிரம்பியிருந்தது. பெயர்: மெஹருன்னிசா. அவர் சொன்னது: ‘இந்தக் கோருலயே குழி இருக்குன்னு காட்டினாங்க. இனிமே தாள் நக்கோ. ஏன்னு சொன்னாங்க.’ கீழே மெஹருன்னிசாவின் கையெழுத்து. தேதி, எனக்கு மின்னஞ்சல் வந்ததற்கு முந்தின நாள்.

கடைசிப் பத்தியை அழித்துவிட்டேன். வரியை எடுத்துவிடுங்கள், அனிதா. இந்த முறையும் திறந்து பார்க்காமல் டிக் போட இருந்தவன் நான்தான்.